கோடையில் ஒப்பீட்டுச் சட்டம் படிக்க ஐரோப்பா போகிறீர்களா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெதர்லாந்தின் ஹேக் நகரில், கோடைப் படிப்பில் எனக்கு முதல் வாரம். காலை விரிவுரை முடிந்து காபிக்காக வரிசையில் நிற்கிறோம். நான் இந்தியா என்றதும், பின்னால் நின்ற பிரேசில் மாணவி ஆர்வமாகக் கேட்டார்: "இங்கிலாந்துச் சட்டத்தில் வாக்குறுதி பெற்றவரேதான் மறுபயன், அதாவது அந்த வாக்குறுதிக்கு ஈடாக ஏதாவது, தர வேண்டும். உங்கள் நாட்டில் வேறொருவர் தந்தாலும் போதுமாமே, எப்படி?" அது சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு. நம் சென்னை உயர் நீதிமன்றம் 1880களின் தொடக்கத்தில் சொன்ன தீர்ப்பு. ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோன தீர்ப்பும்கூட. "ஆமாம், போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் பிரெஞ்சுச் சட்டம், ஜெர்மன் சட்டம் என்று தேடித் தேடிப் படித்திருந்தேன். அதையெல்லாம் சொல்லித்தர அங்கே பேராசிரியர்கள் இருந்தார்கள். இந்தியச் சட்டத்தைச் சொல்ல, அந்த வரிசையில் என்னை விட்டால் ஆள் இல்லை. ஒப்பீட்டுச் சட்டம் படிக்கப் போகிறவர் கையில் ஒப்பிட ஒரு சட்டமாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விசா, பணம், விண்ணப்பம் எல்லாவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த மாதிரிப் பள்ளி?

கோடைப் பள்ளி என்ற ஒரே பெயரில் நான்கு விதமான சரக்கு விற்கிறது. விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு நாட்டின் சட்டத்தை வெளிநாட்டாருக்கு அறிமுகம் செய்பவை முதல் வகை. நெதர்லாந்தின் லெய்டன், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அமெரிக்காவின் கொலம்பியா சட்டப் பள்ளி 1963-இல் தொடங்கிய அமெரிக்கச் சட்டக் கோடைப் படிப்பு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்கப் பேராசிரியர்கள் கடல் தாண்டி வந்து, தங்கள் ஊர் பாணியில் வழக்குகளை வைத்துக் கேள்வி கேட்டே பாடம் நடத்துவார்கள்.

இரண்டாவது வகை, சர்வதேசச் சட்டத்தை மையமாகக் கொண்டவை. இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் நடத்தும் ஐரோப்பியச் சட்ட அகாடமியில் மனித உரிமைச் சட்டத்துக்கு ஒன்று, ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு ஒன்று எனக் கோடைப் படிப்புகள் உண்டு. இந்த வகையில் மூத்தது 1923-இல் தொடங்கிய ஹேக் சர்வதேசச் சட்ட அகாடமி. ஜூலை, ஆகஸ்டில் மூன்று வாரம் பொதுச் சர்வதேசச் சட்டம், மூன்று வாரம் தனியார் சர்வதேசச் சட்டம். இரண்டுக்கும் போகலாம், ஒன்றுக்கு மட்டும் போகலாம். ஒப்பீட்டுச் சட்டத்தில் ஆசை உள்ளவருக்கு நான் சொல்வது தனியார் சர்வதேசச் சட்டத்தைத்தான். சென்னையில் திருமணம் செய்து டெக்சாஸில் விவாகரத்து வாங்கியவரின் வழக்கை எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பது என்ற கேள்வி வந்ததும், இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒப்பீடு அங்கே பொழுதுபோக்கு இல்லை, அன்றாட வேலை.

மூன்றாவது, பணம் கட்டினால் ஓரளவு எளிதாகச் சேர்ந்துவிடக்கூடிய பெரிய பல்கலைக்கழகக் கோடைப் பள்ளிகள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மூன்று வாரப் பகுதிகளாக நடத்துவது போன்றவை. பாடம் நன்றாகவே இருக்கும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

நான்காவது, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களுக்காகவே ஐரோப்பிய நகரங்களில் நடத்துபவை. அமெரிக்கன் பார் அசோசியேஷன் விதிகளுக்கு உட்பட்டு, அவர்கள் பட்டத்துக்கான கிரெடிட் கணக்கை வைத்து வடிவமைக்கப்பட்டவை இவை. சிலவற்றில் வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கிரெடிட்டால் நம் பட்டப் படிப்பில் பொதுவாக ஒரு தாள்கூடக் குறையாது. அதே பணத்தில் வேறு நல்ல இடத்துக்குப் போகலாம் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், 48 மணி நேரத்தில் முன்பணம் கட்டவும்" என்று நீங்கள் விண்ணப்பிக்காமலேயே மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். நடத்துவது எந்தப் பல்கலைக்கழகம், பாடம் எடுப்பது யார், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்ற மூன்றுக்கும் அவர்கள் தளத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

அவர்கள் கோடை நம் கோடை இல்லை

பலரும் சறுக்குவது இங்கேதான். நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஐரோப்பாவில் கோடை என்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. அப்போது இங்கே கல்லூரி திறந்து புதிய செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். மூன்று வார வகுப்பு, முன்னும் பின்னும் பயணம் என்று ஒரு மாதம் போய்விட்டால் செமஸ்டர் முழுக்க அந்த இடைவெளியைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் அனுமதிக் கடிதம் வந்த அன்றே முதல்வரைப் பாருங்கள். ஓ.டி. (வராத நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுக்கும் 'ஆன் டியூட்டி') கிடைக்குமா, எத்தனை நாளைக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக "போயிட்டு வாப்பா" என்றவர் நவம்பரில் மாற்றலாகிப் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் திரும்பி வந்து, வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்கும் கண்டொனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதினார்.

என்னைக் கேட்டால் இதற்கு ஏற்ற சமயம், இறுதியாண்டுத் தேர்வு முடிந்து வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முந்தைய இடைவெளி. வருகைப் பதிவுத் தொல்லை இல்லை, ஐந்தாண்டு சட்டமும் தலையில் இருக்கும். முதல், இரண்டாம் ஆண்டில் போகத் துடிக்காதீர்கள். பல பள்ளிகள் அந்த நிலையில் உங்களைச் சேர்க்காது, சேர்த்தாலும் பாதி காதில் ஏறாது. ஹேக் அகாடமி 2019 முதல் ஜனவரியில் குளிர்காலப் படிப்பும் நடத்துகிறது. ஜூலை ஒத்துவராதவர்கள் அதைப் பார்க்கலாம். ஸ்வெட்டர் மட்டும் போதாது, சொல்லிவிட்டேன்.

பொதுவாக அடுத்த கோடைக்கான அறிவிப்புகள் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வரத் தொடங்கிவிடும். உதவித்தொகைக்கான கடைசி நாள் பெரும்பாலும் சாதாரண விண்ணப்பத்துக்கு முந்தியே முடிந்துவிடும். தீபாவளி முடிந்த கையோடு தளங்களைப் பார்க்கத் தொடங்குவது என் வழக்கம்.

விண்ணப்பம்

வேண்டியவை சில காகிதங்கள்தாம்: தன்விவரம், மதிப்பெண் பட்டியல், ஒரு நோக்கக் கடிதம், ஒன்றோ இரண்டோ பரிந்துரைக் கடிதங்கள். சில இடங்களில் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரி தரும் கடிதம் போதுமா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நோக்கக் கடிதத்தில்தான் எல்லோரும் ஒரே மாதிரி விழுகிறோம். "சிறு வயதிலிருந்தே எனக்குச் சர்வதேசச் சட்டத்தில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தைத் தேர்வுக்குழு ஒரே நாளில் ஐம்பது தடவை படித்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியோடு தொடங்குங்கள், உங்கள் மண்ணிலிருந்து வரும் கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. உதாரணத்துக்கு: தெலுங்கானாவைச் சேர்ந்த தம்பதியாகட்டும், தஞ்சாவூர்த் தம்பதியாகட்டும், கணவர் அமெரிக்காவில் வாங்கி வந்த விவாகரத்தை இந்திய நீதிமன்றம் ஏற்க வேண்டுமா? உச்ச நீதிமன்றம் 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை வைத்து இதற்குப் பதில் சொன்னது. அந்தப் பதில் இன்றைய குடும்பங்களுக்குப் பொருந்துகிறதா, மற்ற நாடுகள் எப்படிக் கையாள்கின்றன என்று தெரிந்துகொள்ள வருகிறேன் என்று எழுதினால், ஒரு பக்கத்தில் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பரிந்துரைக்கு ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அவர் பாடத்தில் நீங்கள் எழுதிய கட்டுரை, கலந்துகொண்ட மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி), பள்ளியின் விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பல பள்ளிகள் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து வரும் கடிதத்தையே விரும்பும். நம் ஆசிரியர்கள் பலரும் ஜிமெயில்தான் வைத்திருப்பார்கள். அப்படியானால் கல்லூரித் தலைப்புத் தாளில் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி, கல்லூரி அலுவலக மின்னஞ்சல் வழியாக அனுப்பச் சொல்லலாம். கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

பணம்

கட்டணத்தை விடத் தங்குமிடமும் விமானமும்தான் பெரிய செலவு. உதவித்தொகை என்ற சொல்லைப் பார்த்ததும் மகிழாமல், அது எதை உள்ளடக்கியது என்று பாருங்கள். கட்டணத் தள்ளுபடி மட்டும் தருவது ஒரு வகை, தங்கும் செலவுக்கும் சேர்த்துத் தருவது இன்னொரு வகை. ஹேக் அகாடமியில் இரண்டும் உண்டு. விமானக் கட்டணம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான்.

தங்குமிடத்தை அனுமதி வந்தவுடனேயே தேடுங்கள். ஜூலையில் ஹேக் ஒரு கடற்கரை ஊர், சுற்றுலாப் பயணிகளால் நிரம்பிவிடும். அதே வகுப்புக்கு வரும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால் செலவு பாதியாகும். சமையலறை இருக்கிற வீடாகப் பாருங்கள். அரிசி, பருப்பு, ஒரு சின்ன குக்கர் இருந்தால் மூன்று வாரம் சுலபமாக ஓடிவிடும்.

விசா

ஹேக், ஃப்ளாரன்ஸ், பாரிஸ் எதுவானாலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா போதும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வாரம் ஹேக், ஒரு வாரம் பாரிஸ் என்றால் நெதர்லாந்து. வேறொரு நாட்டில் சுலபமாகக் கிடைக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே போடாதீர்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாள் முன்பு. முடிவு சாதாரணமாகப் பதினைந்து நாளில் வர வேண்டும், ஆனால் 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஏப்ரல், மேயில் குடும்பம் குடும்பமாக ஐரோப்பா போகிறவர்களோடு நீங்களும் போட்டியிட வேண்டும், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும் பாடு. கடிதம் மார்ச்சில் வந்தால் மார்ச்சிலேயே பதிவு செய்யுங்கள். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அப்புறம் அனுமதிக் கடிதம், தங்குமிடச் சான்று, கல்லூரியின் போனஃபைட் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை. அப்பா அம்மா செலவு செய்கிறார்கள் என்றால் அவர்கள் வருமான வரிக் கணக்கும் ஒரு கடிதமும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் கடன் வாங்கி மூன்று லட்சத்தைக் கணக்கில் போடுவது அறிக்கையில் பளிச்சென்று தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாவிட்டால் அது இல்லாததை விட மோசம்.

வார இறுதியில் லண்டன் போய்வரலாம் என்று கனவு கண்டால் பிரிட்டன் விசா தனியாக வேண்டும். திரும்பி வர ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் இது தேவையா என்று யோசியுங்கள்.

போகும் முன் படிக்க வேண்டியது: உங்கள் சட்டம்

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஒப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பழைய வழிமுறை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மனியில் பணிபுரிந்த சட்டவியலாளர் எர்ன்ஸ்ட் ராபெலும் அவருக்குப் பின் வந்தவர்களும் வளர்த்தது. அதன்படி ஒரு நாட்டின் சட்டச் சொல்லை எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டில் தேடக் கூடாது. வாழ்க்கையில் வரும் ஒரு சிக்கலை எடுத்து, அதை அவர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சொல்லைத் தேடினால் ஏமாந்துபோவோம். நோட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நோட்டரி என்றால் நீதிமன்ற வாசலில் அபிடவிட்டுக்கு முத்திரை குத்தித் தருபவர். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் அவர் தனிப் பயிற்சி பெற்ற சட்ட நிபுணர். வீடு விற்பதானால் அவர் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், பத்திரத்தை எழுதி, இரு தரப்புக்கும் விளக்கி, உறுதி செய்வது அவர்தான். சொல் ஒன்று, ஆள் வேறு.

இதைப் பழக, கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். "உனக்கு ஒரு லட்சம் தருகிறேன்" என்று ஒருவர் சும்மா வாக்குக் கொடுக்கிறார், பிறகு தர மறுக்கிறார். சட்டம் அவரைக் கட்டுமா? இங்கிலாந்தில் மறுபயன் இல்லாததால் கட்டாது, முறையான பத்திரமாக எழுதிக் கொடுத்திருந்தால் கட்டும். ஜெர்மனியில் மறுபயன் என்ற சங்கதியே கிடையாது. ஆனால் கொடை வாக்குறுதியை நோட்டரி முன் எழுத வேண்டும். பிரான்ஸிலும் கொடைக்கு நோட்டரிதான். பிரெஞ்சு ஒப்பந்தச் சட்டத்தில் இருநூறு ஆண்டுக்கு மேல் மாணவர்களை வாட்டிய 'கோஸ்' (ஒப்பந்தத்துக்கான காரணம்) என்ற கருத்தை 2016 திருத்தத்தில் எடுத்தே விட்டார்கள். சரி, இந்தியாவில்? ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கை எடுத்துப் பாருங்கள்: நெருங்கிய உறவினருக்கு இயல்பான அன்பினால், எழுத்தில், பதிவு செய்து கொடுத்த வாக்கு கட்டும். நோட்டரியின் வேலையை நம்மிடம் சார்பதிவாளர் அலுவலகம் செய்கிறது. அதோடு உறவும் அன்பும் சட்டப் பிரிவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் எங்கள் செமினாரில் சொன்ன மாணவரை அரை மணி நேரம் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். அந்த மாணவர் நானில்லை என்பது இன்றும் வருத்தம்.

இன்னொரு பயிற்சி, யாழ்ப்பாணத்திலிருந்து. டச்சுக்காரர்கள் 1707-இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசொம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரித்திருப்பார்கள். மணவாழ்க்கையின்போது சேர்த்தது தேடியதேட்டம், பழைய வழமைப்படி அதில் கணவன் மனைவி இருவருக்கும் பங்கு. பின்னால் சட்டத் திருத்தங்கள் வந்து இது நிறைய மாறியது. ஆனால் அந்த அடிப்படைக் கருத்தை ஒரு பிரெஞ்சு மாணவரிடம் சொல்லிப் பாருங்கள், "இது எங்களிடம் இருக்கிறதே" என்பார். திருமணத்துக்குப் பின் ஈட்டிய சொத்து இருவருக்கும் பொது என்பதுதான் பிரான்ஸில் தனி உடன்படிக்கை செய்யாத தம்பதிக்குரிய சட்டம். அதே கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்டால் பதில் வேறு: பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ சொத்து அவருடையது. போர்ச்சுகீசியர் விட்டுப்போன சிவில் சட்டம் இருப்பதால் கோவாவில் பதில் மறுபடியும் மாறும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் உண்டு, ரெனோன்சான் என்பார்கள். அவர்கள் வழித்தோன்றல்களின் சொத்துரிமை வழக்குகளில் இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டம் பேசப்படுகிறது. இவ்வளவும் ஒரு நாள் ரயில் பயணத்துக்குள், அல்லது ஒரு சின்னக் கடலுக்கு அந்தப் பக்கம். இதை விட்டுவிட்டு நான் பிரெஞ்சு அரசியல் சாசன வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையிலிருந்து போகும் மாணவர்களுக்கு இன்னும் பெரிய சீதனம் இருக்கிறது. ரோமன்-டச்சுச் சட்டம் பிறந்த நெதர்லாந்து, 1809-இல் நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்பு வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டது. கொழும்பு நீதிமன்றங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. டச்சு மாணவர்களுக்கு அது வரலாற்றுப் பாடம், உங்களுக்கு நடைமுறைச் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதி வைத்தவர்களில் முதன்மையான ஹியூகோ குரோஷியஸ் பிறந்ததும் புதைக்கப்பட்டதும் ஹேக்கிலிருந்து டிராமில் போய்விடக்கூடிய டெல்ஃப்ட் ஊரில்தான்.

அரசியலமைப்புப் பக்கம் கேட்கப்படப்போவது நிச்சயம் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு: நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படையை மாற்ற முடியாது. 1973, கேசவானந்த பாரதி வழக்கு, 13 நீதிபதிகள், 7க்கு 6 என்ற தீர்ப்பு. இதோடு நிறுத்தாதீர்கள். ஜெர்மானிய அடிப்படைச் சட்டத்தின் 79(3), சில அம்சங்களை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்கிறது. ஜெர்மன் அறிஞர் டீட்ரிஷ் கொன்ராட் 1965-இல் பனாரஸில் திருத்த அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்று பேசினார், அந்தக் கருத்து நம் உச்ச நீதிமன்ற வாதங்களுக்குள் நுழைந்தது. ஜெர்மன் சாசனத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள், நம்மிடம் நீதிபதிகள் கண்டெடுத்தார்கள். எது சரி என்று கேட்டால் ஒரு மாலைப் பொழுது போதாது.

இந்த மாதிரி நான்கு விஷயம், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். வழக்கின் கதை, பிரிவு எண், காரணம். எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் நாட்டுப் பாடப் புத்தகத்தில் இந்தியா என்ற தலைப்பில் இரண்டு பத்தி மட்டும் படித்தவர்கள் உங்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே போன பிறகு

ஆம்ஸ்டர்டாமின் சிப்ஹோல் விமான நிலையத்திலிருந்து ஹேக் மத்திய நிலையத்துக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். ரயிலிலும் டிராமிலும் கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஏறும்போது தட்டினால் மட்டும் போதாது, இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். எனக்கு முதல் நாளே பிடித்தார்கள். வீசாவோ மாஸ்டர்கார்டோ உள்ள ஃபாரெக்ஸ் அட்டையோடு கொஞ்சம் ரொக்க யூரோவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அகாடமி இருப்பது அமைதி அரண்மனை வளாகத்தில். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி தந்த 15 லட்சம் டாலரில் கட்டி 1913-இல் திறந்தது. சர்வதேச நீதிமன்றமும் நிரந்தர நடுவர் நீதிமன்றமும் அதே வளாகத்தில். முதலாம் எண் டிராம் வாசலிலேயே நிற்கும். அதே டிராமில் ஒரு பக்கம் போனால் ஸ்கெவெனிங்கன் கடற்கரை, மறுபக்கம் போனால் டெல்ஃப்ட், குரோஷியஸின் கல்லறை. பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வையுங்கள், வளாகத்தில் பாதுகாப்புச் சோதனை உண்டு. நீங்கள் இருக்கும் நாட்களில் சர்வதேச நீதிமன்றத்தில் பொது விசாரணை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து இடத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

விரிவுரைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். காதில் மாட்டிக்கொண்டால் மற்ற மொழியில் உடனடி மொழிபெயர்ப்பு வரும். எல்லாவற்றையும் எழுதிவிட நினைக்காதீர்கள். நான் இரண்டாம் வாரம் கண்டுபிடித்த வழி: தாளை மூன்றாகப் பிரித்து, சிக்கல் என்ன, அவர்கள் எப்படித் தீர்க்கிறார்கள், நாம் எப்படித் தீர்க்கிறோம் என்று எழுதுவது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அன்று மாலை நூலகத்துக்குப் போக வேண்டும். அமைதி அரண்மனை நூலகம் சர்வதேசச் சட்டத்துக்கு உலகின் முதன்மையான நூலகங்களில் ஒன்று. அங்கே உட்கார்ந்து இந்திய ஒப்பந்தச் சட்டம் படிப்பது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் எனக்கு அந்த வாரம் வேறு வழி இருக்கவில்லை.

கேள்வி கேட்க எழுந்தால் சுருக்கமாகக் கேளுங்கள். "எங்கள் இந்தியாவில்..." என்று தொடங்கி நான்கு நிமிடம் பேசி, கேள்வியே இல்லாமல் உட்காருகிற ஆள் ஒவ்வொரு ஆண்டும் ஒருவர் இருப்பார். அது நீங்களாக இருக்க வேண்டாம். பிரிவு, வழக்கு, கேள்வி, முப்பது வினாடி.

டிப்ளமோ தேர்வு என்று ஒன்று உண்டு. கடினமானது, தயாரிப்போடு வரும் முனைவர் பட்ட மாணவர்களுக்கே கிடைப்பது அரிது, யாரும் வெல்லாமலே முடிந்த பருவங்களும் உண்டு. முதல் தடவை போகிறவர் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பங்கேற்புச் சான்றிதழ் போதும்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. சூரினாமிலிருந்து குடியேறிய இந்திய வம்சாவளி மக்கள் ஹேக்கில் நிறைய. அவர்களுடைய ரொட்டிக் கடைகளில் காய்கறி ரொட்டி கேட்டு வாங்குங்கள். குழம்பு நம் ஊர் மாதிரி இருக்காது, ஆனால் மூன்றாம் வாரம் அது பெரிய ஆறுதல். ஜூலையிலும் காற்றும் மழையும் உண்டு, ஒரு ஜாக்கெட் எடுத்துப் போங்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் சாப்பிட மறந்துவிடுவீர்கள்.

வளாகத்துக்குள் நடக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் சி. ஜி. வீரமந்திரி. இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து, 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்றத்தில் இருந்தவர். டான்யூப் நதி அணை தொடர்பாக ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில், 1997-இல் அவர் எழுதிய தனித் தீர்ப்புரையில் இலங்கையின் பழங்காலக் குளங்களைச் சாட்சிக்கு அழைத்தார். வளர்ச்சியையும் இயற்கையையும் சேர்த்துப் பார்ப்பது நேற்று முளைத்த யோசனை இல்லை என்பதற்கு அந்த ஏரிகளையும் கால்வாய்களையும் காட்டினார். ஐரோப்பிய நதி வழக்குக்கு நம் பக்கத்துக் குளங்களிலிருந்து வாதம். அந்தத் தீர்ப்புரையை விமானத்தில் படிக்க அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்ததும்

ஒரு வாரத்துக்குள் முதல்வரிடம் சான்றிதழ் நகலையும் இரண்டு பக்க அறிக்கையையும் கொடுத்து ஓ.டி. பதிவை முடியுங்கள். பரிந்துரை தந்த ஆசிரியரை நேரில் பார்த்து நன்றி சொல்லுங்கள். தன்விவரத்தில் 'ஹேக்கில் சட்டம் பயின்றவர்' என்று போடாதீர்கள். எத்தனை வாரம், எந்தப் பாடம், என்ன சான்றிதழ் என்று அப்படியே போடுங்கள், நேர்காணலில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். குறிப்பேட்டின் மூன்றாவது கட்டத்தில் இன்னும் காலியாக இருக்கும் இடங்களைச் சூடு ஆறும் முன் நிரப்புங்கள்.

பிரேசில் மாணவிக்கு நான் பதில் அனுப்பியது திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து. சின்னய்யா வழக்கின் கதை இதுதான்: தாய் தன் சொத்தை மகளுக்கு எழுதிக் கொடுக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மகளும் அப்படியே தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மறுக்கிறாள். பெறுகிறவர் எதுவும் தரவில்லையே என்பது அவள் வாதம். தாய் தந்தது போதும் என்றது நீதிமன்றம், ஏனென்றால் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 2(டி) பிரிவில் 'வாக்குறுதி பெற்றவர் அல்லது வேறு எவரேனும்' என்று இருக்கிறது. மறுநாளே பதில் வந்தது. அந்த வேறு எவரேனும் என்ற சொற்களை 1872-இல் யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்டிருந்தார்.